நடுங்கும் சுருதி

ஒருவர் ஒரு சுரத்தை நீட்டிப் பாடும்போது அது ஒரே கோடாக நேரே செல்வதில்லை. நுண்ணிய அளவில் ஏறியும் இறங்கியும் அலைந்தபடியே செல்கின்றது. பாடுபவர் அதை வேண்டுமென்று செய்வதில்லை. கேட்பவரும் அதை அசைவு என்று பிரித்து உணர்வதில்லை. குரலில் உயிர் இருக்கின்றது என்று மட்டும் சொல்வோம். மேலைநாட்டு இசையார் இதனை ‘விப்ராட்டோ’ என அழைப்பர். நாம் இதனைச் சுருதியசைவு என்று குறிப்போம். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கியும் அசைத்தும் இராகத்தின் வடிவையே ஆக்குகின்ற நமது கமகம் வேறு. ஒரே சுரத்தின் மீது நின்றபடி குரல் கொள்ளும் இந்தச் சிறு நடுக்கம் வேறு. எனினும் இரண்டும் நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகின்றன. உயிருள்ள இசை அசையாமல் நிற்பதில்லை.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த கார்ல் சீஷோர் என்பவர் 1920களிலும் 1930களிலும் தேர்ந்த பாடகர்களின் குரலைக் கருவிகளால் அளந்து பார்த்தார். அவர்களின் குரல் நொடிக்கு ஏறத்தாழ ஆறு முதல் ஏழு முறை அசைந்தது. அந்த அசைவின் முழு அகலம் சராசரியாக அரைச்சுர அளவுக்கு இருந்தது. அரைச்சுரம் என்பது சிறிய அளவு அன்று. கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடைப்பட்ட தொலைவு அது. ஆயினும் கேட்பவரின் செவி அதை மிகச் சிறியதாகவே உணர்கின்றது என்பதையும் அவர் கண்டார். அசைவைச் செவி அசைவாகக் கேட்காமல் இனிமையாகக் கேட்கின்றது.

இதில் கட்டைகளை அழுத்தி வாசிக்கும் கருவிகளுக்கு மட்டும் பங்கில்லாமல் போயிற்று. வீணையின் தந்தியை விரல் இழுக்கலாம்; வயலினில் விரலை ஆட்டலாம்; குழலில் மூச்சை அசைக்கலாம். கட்டையை அழுத்துகின்றவனோ ஒலியைத் திறந்துவிடுகின்றான், மூடிவிடுகின்றான். இடையில் அதைத் தொட அவனுக்கு வழியில்லை. இந்தக் குறையைத் தீர்க்க நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த முயற்சியே இக்கட்டுரையின் பொருள். அது பொறியியலின் வரலாறு. ஆனால் அதற்குள் மற்றொரு கேள்வியும் தொடர்ந்து வருகின்றது. மனிதன் தன் நடுக்கத்தை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாமா? ஒப்படைத்தால் எவ்வளவு தூரம்?

காற்றை நடுங்க வைத்தவர்கள்

முதல் முயற்சி ஆலயத்தில்தான் நடந்தது. ஐரோப்பாவின் குழல் ஆர்கன் மிகப் பெரிய, மிகக் கம்பீரமான கருவி. அதே வேளையில் அசைவே இல்லாத கருவி. துருத்தியிலிருந்து ஒரே சீராக வரும் காற்று, ஒரே அளவில் நிற்கும் குழல், ஒரே நேர்கோட்டில் நீளும் ஒலி. பதினாறாம் நூற்றாண்டிலேயே ஆர்கன் செய்வோர் இதற்கு ஒரு வழி கண்டனர். காற்றுச் செல்லும் வழியில் ஒரு தடுப்பை வைத்து, அது தானாகவே திறந்து மூடித் துடிக்கும்படி செய்தனர். காற்றின் அழுத்தம் சிறிது கூடிக் குறையும். அதனுடன் ஒலியின் வலிமையும் சுருதியும் சேர்ந்து அசையும். இதற்கு ‘ட்ரெமுலன்ட்’, அதாவது ‘நடுங்குவது’ என்று பெயரிட்டனர்.

இத்தாலியர் வேறொரு வழியைக் கையாண்டனர். ஒரே சுரத்துக்கு இரண்டு குழல்களை வைத்து, ஒன்றின் சுருதியை மற்றதினின்று இம்மியளவு விலக்கி வைத்தனர். நொடிக்கு 440 அதிர்வு கொண்ட ஒலியும் 443 அதிர்வு கொண்ட ஒலியும் சேர்ந்து ஒலித்தால், அவ்விரண்டின் வேறுபாடான மூன்று முறை நொடிதோறும் ஒலி அலைபோல் எழுந்து தாழும். எந்த உறுப்பும் அசையாமலே அசைவு பிறந்துவிடும். இந்தக் குழல் வரிசைக்கு அவர்கள் இட்ட பெயர்களுள் ஒன்று ‘வோச்சே உமானா’. மனிதக் குரல் என்பது அதன் பொருள். அது மனிதக் குரலைப் போல ஒலித்ததா என்பது வேறு. எதற்காக அந்த முயற்சி மேற்கொள்ளப்பட்டது என்பதைப் பெயரே சொல்லிவிடுகின்றது.

பிரேஷியா நகரத்து ஆர்கன் கலைஞர் கொஸ்தான்சோ அந்தெஞ்ஞாத்தி 1608-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இக்குழல் வரிசையை முதன்மைக் குழல் வரிசை ஒன்றுடன் மட்டுமே சேர்த்து, மெதுவாக வாசிக்க வேண்டும் என அறிவுறுத்துகின்றார். திருப்பலியில் எழுந்தேற்ற வேளையின் அமைதியில் ஆர்கன் கலைஞர்கள் இவ்வொலியை விரும்பிப் பயன்படுத்தினர். உரோமையில் பணியாற்றிய ஜிரோலாமோ ஃப்ரெஸ்கோபால்தி 1635-இல் வெளியிட்ட ‘ஃபியோரி மூசிக்காலி’ என்னும் தொகுப்பில் எழுந்தேற்றத்துக்கென்றே தனி இசை வடிவங்கள் உள்ளன. திருப்பலி முழுவதும் நேராக ஒலித்த பெருங்கருவி, அந்த ஒரு வேளையில் நடுங்கியது. கருவி எப்போதும் நடுங்கவில்லை என்பதை நாம் மனத்தில் கொள்வது நல்லது. நடுக்கத்துக்கென ஓர் இடமும் ஒரு வேளையும் இருந்தன. அவற்றைத் தேர்ந்தவன் மனிதன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் பேர்பெற்ற ஆர்கன் வினைஞர் அரிஸ்தீத் கவாயே-கோல், சற்று விலகிய சுருதி கொண்ட இரட்டைக் குழல்களை மென்மையான தந்தி ஒலிக்கு ஏற்றவாறு அமைத்து, ‘வானகக் குரல்’ என்னும் பொருள்படும் பெயரில் பரவச் செய்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு ஆர்கன் சென்றபோது நிலைமை மாறியது. ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் என்பவரின் வழியில் வுர்லிட்சர் நிறுவனம் செய்த ஆர்கன்களில் நடுக்கம் ஆழமாயிற்று. பேசாத படங்களின் கண்ணீர்க் காட்சிகளுக்கு அது இடைவிடாது உருகியது. அரிதாக இருந்தபோது மன்றாட்டாக ஒலித்த அதே நடுக்கம், எந்நேரமும் ஒலித்தபோது மலிவான உணர்ச்சியாகிவிட்டது.

விரலுக்குத் திரும்பிய அசைவு

காற்றையும் குழலையும் நம்பாமல் விரலையே நம்பிய கருவி ஒன்றும் அக்காலத்தில் இருந்தது. கிளாவிகார்ட் என்பது அதன் பெயர். ஒரு மேசையின் மீது வைக்கத்தக்க சிறிய பெட்டி. கட்டையை அழுத்தினால் அதன் மறுமுனையிலுள்ள உலோகத் துண்டு தந்தியைத் தட்டி, விரல் எடுக்கும் வரை தந்தியைத் தொட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே விரல் அழுத்தம் கூடினால் தந்தி இறுகிச் சுருதி சற்று ஏறும், தளர்ந்தால் இறங்கும். விரலை மெல்ல ஆட்டினால் சுரம் நடுங்கும். செருமானியர் இதனை ‘பேபுங்’ என்றனர். நடுக்கம் என்பதே அதன் பொருளும். இசை மேதை பாக்கின் மகன் கார்ல் பிலிப் இமானுவேல் பாக், 1753-இல் வெளிவந்த தம் நூலில் இதனை நல்ல கிளாவிகார்டின் சிறப்பாக எடுத்துரைக்கின்றார். ஆனால் அக்கருவியின் ஒலி மிக மெல்லியது; ஓர் அறைக்குள்ளேயே அடங்கிவிடும். ஆலயத்துக்கும் அரங்குக்கும் அது போதவில்லை. உரத்த பியானோ வந்தபோது அது வழக்கொழிந்தது. அதனுடன் விரலின் நடுக்கமும் கட்டைக் கருவிகளிலிருந்து மறைந்தது.

1842-இல் பாரிசில் அலெக்சாந்தர் தெபேன் உரிமம் பெற்ற ஹார்மோனியமும் இக்குறையைத் தீர்க்கவில்லை. அமெரிக்க ரீடு ஆர்கன்களில் காற்றின் விசையால் சுழலும் அட்டைத் தகடு ஒன்றை வைத்து நடுக்கத்தை உண்டாக்கினர். அதற்கும் ‘மனிதக் குரல்’ என்றே பெயர். ஹார்மோனியம் இந்தியா வந்து கைத்துருத்தியோடு புதுவடிவம் பெற்றபோது, கமகம் பேசாத கருவி என்னும் குற்றச்சாட்டு அதன் மேல் எழுந்தது. 1940-இல் அகில இந்திய வானொலி அதனைத் தன் நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கியது. அத்தடை 1971-இல்தான் தளரத் தொடங்கியது. அசையாத சுரம் என்பது மேலைநாட்டார்க்கு ஒரு குறை. நம்மவர்க்கோ அது இசையின் உயிரையே தொடும் குறையாகப் பட்டது.

மின்சாரத்தின் காலம் பிறந்தபோது கிளாவிகார்டின் வழியை மீண்டும் கண்டெடுத்தவர் பிரான்சு நாட்டின் மொரிஸ் மார்த்தனோ. வானொலிக் குழாய்களின் அதிர்வைக் கொண்டு ஒலியெழுப்பும் தம் கருவியை 1928-இல் பாரிசில் அரங்கேற்றினார். பின்னர் அதனில் கட்டை வரிசை ஒன்றையும் அமைத்தார். அந்த வரிசை முழுவதும் இடமும் வலமும் சிறிது நகரும்படி பொருத்தப்பட்டிருந்தது. வயலின் கலைஞர் விரலை ஆட்டுவது போலக் கட்டையை ஆட்டினால் சுருதி அசைந்தது. பாரிசின் மூவொரு கடவுள் ஆலயத்தில் 1931 முதல் 1992-இல் இறக்கும் வரை ஆர்கன் கலைஞராக இருந்த ஒலிவியே மெஸ்ஸியான் என்னும் கத்தோலிக்க இசையமைப்பாளர், இறைப்பிரசன்னத்தைப் போற்றி அமைத்து 1945-இல் அரங்கேறிய மூன்று சிறு வழிபாட்டு இசைகளில் இக்கருவிக்கு இடம் தந்தார். ஆலயத்தின் பெருங்குழல்களை வாழ்நாள் முழுதும் வாசித்தவர், விரலால் நடுங்கும் மின்கருவியையும் நேசித்தார். ஆனால் மார்த்தனோவின் கருவியில் ஒரு நேரத்தில் ஒரு சுரமே ஒலிக்கும். அதனை வாசிக்க நீண்ட பயிற்சியும் வேண்டும். உலகம் எளிதானதையே நாடியது.

கடிகாரம் போல் நடுங்கிய ஆர்கன்

அந்த எளிதான கருவி சிக்காகோவில் பிறந்தது. லாரன்ஸ் ஹாமண்ட் மின்கடிகாரம் செய்த பொறியாளர், இசைக்கலைஞர் அல்லர். மின்னோட்டத்தின் அதிர்வுக்கேற்ப ஒரே வேகத்தில் சுழலும் மோட்டாரே அவருடைய கடிகாரத்தின் உயிர்நாடி. அதே மோட்டாரைக் கொண்டு பற்களுடைய உலோகச் சக்கரங்களைக் காந்தங்களின் முன் சுழற்றி, 1935-இல் தம் மின் ஆர்கனை விற்பனைக்குக் கொணர்ந்தார். குழல் ஆர்கன் வாங்க வசதியற்ற ஆலயங்கள் அதனை ஆவலுடன் வரவேற்றன. அதன் சுருதி ஒருநாளும் கெடாது. கெடாத அந்தச் சுருதியே அதன் வறட்சியும் ஆயிற்று. முதல் வடிவங்களில் இருந்த நடுக்கம் ஒலியின் வலிமையை மட்டும் கூட்டிக் குறைத்தது, சுருதியைத் தொடவில்லை.

பின்னர் ஹாமண்ட் நிறுவனத்தின் ஜான் ஹேனர்ட் என்னும் பொறியாளர், 1940களில் சுருதியை உண்மையாகவே அசைக்கும் அமைப்பு ஒன்றை உருவாக்கினார். அதன் கருத்து எளியது. ஒலிக்குறிப்பை ஒரு நீண்ட மின்பாதையில் செலுத்தினால் அது பாதையின் ஒவ்வொரு நிலையையும் சற்றுத் தாமதித்து அடையும். பாதை நெடுகப் பல இடங்களில் ஒலியை எடுத்து, சுழலும் ஒரு பொறி அவ்விடங்களை முன்னும் பின்னுமாக வருடிச் செல்லும்படி செய்தார். தாமதம் கூடிக்கொண்டே போகும்போது சுருதி தாழும். குறைந்துகொண்டே வரும்போது உயரும். இப்பொறி நொடிக்கு ஏறத்தாழ ஏழு முறை சுழன்றது. சீஷோர் மனிதக் குரலில் கண்ட வேகத்துக்கு அது மிக நெருங்கியது.

ஆயினும் ஒரு வேறுபாடு இருந்தது. அப்பொறியைச் சுழற்றியதும் அதே கடிகார மோட்டார்தான். ஆகவே வேகம் மாறவே மாறாது. அசைவின் ஆழத்தை மூன்று நிலைகளுள் ஒன்றாகத் தேர்ந்துகொள்ளலாம், அவ்வளவே. தாழ்ந்த சுரமும் உயர்ந்த சுரமும், தாலாட்டும் புலம்பலும் ஒரே வேகத்தில் நடுங்கின. மனிதனின் நடுக்கத்தை அளந்து, சராசரி எடுத்து, அந்தச் சராசரியையே இயந்திரம் திரும்பத் திரும்ப ஒப்பித்தது. சராசரியில் எந்த மனிதனும் பாடுவதில்லை.

சுழலும் ஒலிபெருக்கி

ஹாமண்ட் ஆர்கனைப் பெரியதொரு விற்பனைக் கூடத்தில் கேட்டு மகிழ்ந்து, வீட்டில் கேட்டு ஏமாந்தவர்களுள் ஒருவர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த டொனால்டு லெஸ்லி. 1937-இல் தொடங்கிய அவருடைய ஆராய்ச்சி ஒரு வித்தியாசமான முடிவுக்கு வந்தது. குழல் ஆர்கனில் ஒலி பல இடங்களிலிருந்து வருகின்றது. மின் ஆர்கனில் ஒரே பெட்டியிலிருந்து வருகின்றது. ஆகவே ஒலி வரும் இடத்தையே நகர்த்த வேண்டும் என்று அவர் எண்ணினார்.

நம்மை நோக்கி வரும் ஒலியின் சுருதி உயர்வதாகவும், விலகிச் செல்லும் ஒலியின் சுருதி தாழ்வதாகவும் செவிக்குத் தோன்றும். 1842-இல் ஆஸ்திரிய அறிஞர் கிறிஸ்தியான் டாப்ளர் முன்வைத்த விதி இது. 1845-இல் ஆலந்து நாட்டில் ஓடும் இரயிலில் ஊதுகுழல் கலைஞர்களை ஏற்றி வாசிக்கச் செய்து இதனை மெய்ப்பித்தனர். லெஸ்லி அந்த இரயிலை ஒரு மரப்பெட்டிக்குள் அடக்கினார் எனலாம். மேலே இரு கொம்புகள் சுழலும். அவற்றுள் ஒன்றில் மட்டுமே ஒலி வரும், மற்றது எடையைச் சமன் செய்வதற்காகவே இருப்பது. கீழே தாழ்ந்த ஒலிகளுக்கென மற்றொரு சுழலி. வேகமாகச் சுழலும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 சுற்று. மீண்டும் நொடிக்கு ஆறேழு முறை. ஹாமண்ட் நிறுவனம் இதனை ஏற்க மறுத்தது. ஆனால் வாசிப்பவர்கள் ஏற்றுக்கொண்டனர்.

பின்னாளில் லெஸ்லி பெட்டிக்கு இரண்டு வேகங்கள் வந்தன. ஒன்று மெல்லச் சுழல்வது, மற்றது விரைந்து சுழல்வது. இரண்டுக்கும் இடையே ஒரு சுவிட்சு. நமது வரலாற்றில் இச்சிறிய சுவிட்சு மிக முக்கியமானது. சுவிட்சைத் தட்டியவுடன் வேகம் மாறிவிடாது. எடையுள்ள சுழலிகள் மெல்ல மெல்லவே வேகம் பிடிக்கும். மேலுள்ள கொம்பு முந்திக்கொள்ளும், கீழுள்ளது பின்தங்கும். அந்த இடைவேளையில் பிறக்கும் ஒலி கடிகாரத்தின் ஒலி அன்று. மூச்சு வாங்கும் ஒலி.

இதனை முழுமையாகக் கண்டுகொண்டவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சபைகள். 1939-இல் சிக்காகோவின் ‘ஃபர்ஸ்ட் சர்ச் ஆஃப் டெலிவரன்ஸ்’ என்னும் சபையில் கென்னத் மாரிஸ் என்னும் இசைக்கலைஞர் ஹாமண்ட் ஆர்கனைப் புகழ்ப்பாடல் வழிபாட்டுக்குள் கொணர்ந்தார். காலப்போக்கில் ஹாமண்டும் லெஸ்லியும் அவ்வழிபாட்டின் குரலாகவே ஆகிவிட்டன. போதகர் தாழ்ந்த குரலில் பேசும்போது சுழலி மெல்லச் சுழலும். அவர் குரல் உயர, மக்கள் எழுந்து நின்று பதிலுரைக்க, ஆர்கன் கலைஞரின் கை சுவிட்சைத் தட்டும். ஒலி நடுங்கத் தொடங்கும். இயந்திரம் நடுங்கியது உண்மை. எப்போது நடுங்க வேண்டும் என்பதை முடிவு செய்தவரோ மக்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்.

திருச்சபை வகுத்த எல்லை

மின் இசைக்கருவிகள் பெருகிய அதே காலத்தில் திருச்சபையும் இதனைக் கருத்தில் கொண்டது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸின் இறுதி நாள்களில், 1958 செப்டம்பர் 3 அன்று, திருவழிபாட்டுச் சடங்குகளுக்கான பேராயம் திருஇசை பற்றி அறிவுரை ஒன்றை வெளியிட்டது. சிறியதொரு குழல் ஆர்கனுக்கேனும் வசதியில்லாத இடங்களில், ஆயரின் இசைவோடு மின் ஆர்கனைத் தற்காலிகமாகப் பயன்படுத்தலாம் என்று அது கூறிற்று. அதனினும் கருதத்தக்கது மற்றொன்று. திருவழிபாட்டில் ஒருவர் தம் கையால் வாசிக்கும் கருவிகளே இடம்பெற வேண்டும். தானே இயங்கும் கருவிகள் கூடா என்றும் அது வரையறுத்தது. இசைத்தட்டும், ஒலிநாடாவும், தானியங்கி ஆர்கனும் வழிபாட்டில் விலக்கப்பட்டன. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், குழல் ஆர்கனுக்கு உயர்ந்த மதிப்பைக் காத்துக்கொண்டே, தகுதியான பிற கருவிகளுக்கும் கதவைத் திறந்தது.

கையால் வாசிப்பது, தானே இயங்குவது என்னும் இவ்விரண்டுக்கும் நடுவில்தான் நாம் பேசிவரும் சுருதியசைவு நிற்கின்றது. சுரத்தைத் தொடுவது மனித விரல். அதை நடுங்கச் செய்வது பொறி. பாதி மனிதனுடையது, பாதி இயந்திரத்தினுடையது. 1958-இன் அறிவுரை இந்தப் பாதியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதன் உள்ளக்கிடக்கை நமக்கு விளங்காமல் இல்லை. கடவுள் முன்னிலையில் எழும் ஒலிக்கு ஒரு மனிதர் பொறுப்பேற்று நிற்க வேண்டும் என்பதே அது.

செவி கேட்காத நடுக்கம்

1960களில் ராபர்ட் மோக் முதலியோரின் சிந்தசைசர்கள் வந்தன. அவற்றில் சுருதியை அசைப்பது மிக மெதுவாக அதிரும் ஒரு மின்னலை. வேகமும் ஆழமும் இப்போது குமிழ்களுக்குக் கட்டுப்பட்டன. 1970-இல் வெளிவந்த மினிமோக் கருவியில் இடக்கைக்கென இரு சக்கரங்கள் இருந்தன. ஒன்று சுருதியை வளைப்பது. மற்றது நடுக்கத்தைக் கூட்டுவது. கிளாவிகார்டின் விரல் இழந்ததை இடக்கை மீட்டுக்கொண்டது. பின்னர், சுரம் தொடங்கியதும் சற்று நேரம் நேராக நின்று, அதன்பின் மெல்ல நடுங்கும்படியான அமைப்பையும் கருவிகளில் சேர்த்தனர். தேர்ந்த பாடகர் பலர் செய்வதும் அதுவே. மனிதக் குரலைப் பதிவு செய்து கட்டைகளில் ஏற்றிய கருவிகள் வந்தபோது புதிய சிக்கல் ஒன்று எழுந்தது. பதிவை வேகமாக ஓட்டித்தான் உயர்ந்த சுரத்தைப் பெற முடிந்தது. அதனால் சுரம் உயர உயர நடுக்கமும் விரைந்து, ஆட்டின் கத்தல் போலாயிற்று. உயிருள்ளவரின் நடுக்கத்தையே எடுத்து வைத்தாலும், தன் இடத்தை விட்டுப் பெயர்ந்தால் அது பொய்யாகிவிடுகின்றது.

இவ்வரலாற்றின் மிக வியப்பான பகுதி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. ஜான் சௌனிங் என்னும் இசையமைப்பாளர் 1967-இல் கணிப்பொறியில் சுருதியசைவைச் சோதித்துக்கொண்டிருந்தார். அசைவின் வேகத்தையும் ஆழத்தையும் இயற்கையின் எல்லைக்கு அப்பால் கூட்டிக்கொண்டே போனார். நொடிக்கு ஆறு, பத்து, இருபது என ஏறி, மேலும் நூற்றுக்கணக்கில் உயர்ந்தபோது, செவி அசைவைக் கேட்பதையே நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக முற்றிலும் புதிய ஒலிவண்ணம் ஒன்று கேட்டது. வேகத்தையும் ஆழத்தையும் மாற்ற மாற்ற மணி, பித்தளைக் குழல், மரக்குழல் எனப் பற்பல நிறங்கள் பிறந்தன. 1973-இல் அவர் இதனைக் கட்டுரையாக வெளியிட்டார். யமஹா நிறுவனம் உரிமம் பெற்று 1983-இல் வெளியிட்ட டிஎக்ஸ்-7 கீபோர்டு உலகெங்கும் பரவியது. அக்காலத்துப் பாடல்களில் நாம் கேட்ட பளபளப்பான மணியொலிகள் பலவும் அடிப்படையில் நடுக்கங்களே. செவி நடுக்கமென்று அறியாத நடுக்கங்கள்.

அதே சௌனிங் பின்னர் மனிதக் குரலையே கணிப்பொறியால் ஆக்க முயன்றார். ஒரு குரலில் அடிப்படைச் சுரத்துடன் அதன் மடங்குகளான பல மேற்சுரங்களும் கலந்திருக்கும். அவற்றையெல்லாம் சரியான அளவில் ஒன்றாக ஒலிக்கச் செய்தார். அது குரலாகவில்லை, உயிரற்றதொரு மின்னொலியாகவே நின்றது. பின்னர் எல்லாச் சுரங்களுக்கும் ஒரே சுருதியசைவைப் பொதுவாகக் கொடுத்தார். அந்த அசைவிலும் ஒழுங்கற்ற சிறு பிறழ்வுகளைக் கலந்தார். அந்தக் கணத்தில் பல ஒலிகள் மறைந்து ஒரு பெண் பாடுவது கேட்டது. 1981-இல் அவர் அமைத்த ‘ஃபோனே’ என்னும் இசைப்படைப்பு இந்த அறிவின் மேல் எழுந்தது. கிரேக்க மொழியில் அதன் பொருள் குரல்.

இங்கு இரண்டு உண்மைகள் நமக்குக் கிடைக்கின்றன. பல ஒலிகள் ஒரே குரலாவது, அவை சேர்ந்து நடுங்கும்போதுதான். அந்த நடுக்கம் உயிருடையதாவது, அதில் ஒழுங்கின்மை ஓரளவேனும் இருக்கும்போதுதான். ஹாமண்டின் மோட்டாரால் தர முடியாததும், லெஸ்லியின் சுழலி தன்னை அறியாமலே தந்ததும் அந்த ஒழுங்கின்மையே. துல்லியமின்மை என்று பொறியாளர் நீக்க விரும்பியதைச் செவி உயிர் என்று அடையாளம் கண்டது.

நாம் எங்கே நிற்கின்றோம்?

இன்று நம் பங்கு ஆலயங்கள் பலவற்றில் கீபோர்டு உண்டு. ஒரு பொத்தானைத் தொட்டால் வயலின் குழு, மற்றொன்றைத் தொட்டால் பாடகர் குழு. அவற்றின் சுருதியசைவு முன்னதாகவே தொழிற்சாலையில் அமைக்கப்பட்டு வருகின்றது. வாசிக்கும் இளைஞர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. உருக்கம் தானே வந்துவிடுகின்றது. நாம் அதைக் குறைகூற வரவில்லை. வசதியற்ற சிற்றூர் ஆலயத்துக்கும் அழகான ஒலி கிடைத்திருப்பது நன்றிக்குரியது. ஆனால் உருக்கம் கருவியிலிருந்தே வந்துவிடும்போது, அதை நம்மிடத்தில் தேடும் பழக்கம் மெல்ல விடுபட்டுப் போகலாம். கருவியின் பாடகர் குழு ஆழ்ந்து நடுங்கும்போது, கடைசி வரிசையில் நிற்கும் மூதாட்டியின் நடுங்கும் குரல் நமக்குக் கேளாமல் போகலாம். அவருடைய நடுக்கத்துக்கு முதுமையும் இழப்பும் நம்பிக்கையும் காரணம்; கருவியின் நடுக்கத்துக்குக் காரணம் ஒரு மின்னலை.

கருவியை வீசியெறிவது இதற்குத் தீர்வாகாது. நானூறு ஆண்டு வரலாறு காட்டும் வழி வேறு. ஒவ்வொரு முறையும் மனிதன் நடுக்கத்தைப் பொறியிடம் கொடுத்தான். கொடுத்தபின் அதன் கடிவாளத்தைத் திரும்பப் பெற ஏங்கினான். இத்தாலிய ஆர்கன் கலைஞர் எழுந்தேற்றத்துக்கு மட்டும் அதைத் திறந்தார். மார்த்தனோ கட்டையை நகர விட்டார். சிக்காகோவின் கலைஞர் சுவிட்சில் கை வைத்துக் காத்திருந்தார். நம் கீபோர்டுகள் பலவற்றிலும் இடக்கைப் பக்கம் அச்சிறு சக்கரம் அல்லது நெம்புகோல் இருக்கின்றது. பெரும்பாலும் தொடப்படாமலே இருக்கின்றது. பாடலின் பொருளை உணர்ந்து, மக்கள் பாடுவதைக் கேட்டு, வேண்டிய வேளையில் அதைத் தொடவும், வேண்டாத வேளையில் சுரத்தை நேராக நிற்க விடவும் நம் இளைஞர்க்குக் கற்றுக்கொடுக்கலாம். மக்கள் பாடும்போது கருவியின் ஒலியைத் தாழ்த்தவும் கற்றுக்கொடுக்கலாம்.

தனித்தனியே ஒலித்த சுரங்கள் சேர்ந்து நடுங்கியபோது ஒரே குரலாயின என்பதைக் கணிப்பொறி கண்டுபிடிக்க 1980-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை ஆயிற்று. பக்கத்தில் நிற்பவரின் குரலைக் கேட்டபடி தன் குரலை உயர்த்தும் எளிய விசுவாசிகள் கூட்டம் அதை ஞாயிறுதோறும் செய்துகொண்டிருக்கின்றது. அவர்களுள் ஒருவர் சற்று முந்துவார், ஒருவர் பிந்துவார். ஒருவரின் சுருதி ஏறும், ஒருவரின் சுருதி இறங்கும். அந்தப் பிறழ்வுகள் எல்லாம் சேர்ந்ததே ஒரு பங்கின் குரல். அக்குரலைத் தாங்கிப் பிடிப்பதே கருவியின் பணி.